‘பேபி’ என்று போடாதீர்கள்: சினிமா நிருபர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் சினிமா நிருபர்களுக்கும், யூடியூப் சேனல்களில் பேட்டி எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், அந்தப் பேட்டிகளுக்குத் தலைப்பு வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்கள் வேலையைத்தான் பார்த்தேன். ஒரு சினிமா வார இதழில் 11 வருடம் உதவி ஆசிரியர். ஒரு தீபாவளி மலரில், ‘அன்று குழந்தை நட்சத்திரம், இன்று?’ என்று எட்டுப் பக்கம் ஒதுக்கினார்கள். அதற்காக ஒரு பெண்மணியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சின்ன வயதில் ஏழெட்டுப் படங்களில் நடித்தவர், பத்து வயதோடு சினிமாவை விட்டவர். ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினார். போனை வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “என் பேருக்கு முன்னாடி பேபின்னு மட்டும் போடாதீங்க. எனக்கு 41 வயசு. பொண்ணு காலேஜ் போறா. ஆபீஸ்ல அதை வச்சே கூப்பிட்டுச் சிரிக்கிறாங்க.”

சரி என்றேன். பக்கம் அச்சுக்குப் போகிற இரவு, “பேபி இல்லாமப் போட்டா யாருன்னே தெரியாதே” என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையாலேயே சேர்த்தேன். மலர் வந்த பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் அஜித் குமார் ஓர் அறிக்கை விட்டார். ‘தல’ வேண்டாம், அஜித், அஜித் குமார், ஏகே, இதில் ஏதாவது ஒன்று போதும் என்றார். 2024 நவம்பரில் கமல்ஹாசன், ‘உலக நாயகன்’ உள்ளிட்ட பட்டங்களைத் துறப்பதாக அறிவித்தார். 2025 மார்ச்சில் நயன்தாரா, ‘லேடி சூப்பர் ஸ்டார்’ என்று அழைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மூன்றையும் நாம் பெரிய செய்தியாகப் போட்டோம். அடுத்த நாளே பெயரை மாற்றி எழுதியவர்களும் நம்மில் உண்டு. நல்லதுதான். மேலே ஏற்றி வைக்கும் பட்டத்தையே ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாம், நாமும் கேட்கலாம் என்றால், சின்னக் குழந்தையாகவே நிறுத்தி வைக்கும் பட்டத்தை வேண்டாம் என்று சொல்கிறவருக்கு மட்டும் ஏன் நம் காது அடைத்துக்கொள்கிறது? அவருக்கு பி.ஆர்.ஓ. கிடையாது, அறிக்கை விட ஆள் கிடையாது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அஜித்தின் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி ஷாலினி 1983இல் மலையாளத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானார். 1997இல் ‘காதலுக்கு மரியாதை’யில் கதாநாயகி. 2000இல் ‘அலைபாயுதே’. அதில் அவர் நடித்த சக்தி என்ற பெண்ணைப் பார்த்து ஒரு தலைமுறையே காதலித்தது. அப்புறம் தானாகவே முடிவெடுத்து சினிமாவை விட்டு விலகினார். இத்தனைக்குப் பிறகும் ஒரு பழைய போட்டோ கையில் சிக்கினால் நாம் எழுதுவது ‘பேபி ஷாலினி’. அவர் தங்கை ஷாமிலி, மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990 ஜூலையில் வெளியானபோது மூன்று வயதைத் தொட்ட குழந்தை. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் சேரும் வயதுக்கு முன்பே வாழ்க்கையின் மிகப் பெரிய கைதட்டலை வாங்கிவிட்ட ஒருவர், பிறகு எதைச் செய்தாலும் நாம் அந்தக் கைதட்டலோடுதான் ஒப்பிடுகிறோம். அவர் ஓவியராகிக் கண்காட்சி வைத்தார். அதைச் சொல்ல வந்த செய்திகளிலும் பல இடங்களில் பெயருக்கு முன்னால் ‘பேபி’ இருந்தது.

‘பேபி’, ‘மாஸ்டர்’ எல்லாம் டைட்டில் கார்டுக்காகப் பிறந்த சொற்கள். மாஸ்டர் ஸ்ரீதர், மாஸ்டர் பிரபாகர், மாஸ்டர் சேகர் என்று திரையில் வந்தபோது அதில் மரியாதை இருந்தது, கொஞ்சம் பாசமும் இருந்தது. படத்தைப் பற்றி எழுதும்போது அன்றைக்கு இருந்த பெயரை அப்படியே போடுங்கள், யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஆளைப் பற்றி எழுதும்போது இன்றைய பெயர்தானே வர வேண்டும்? இப்போது அந்த இடத்தில் படத்தின் பெயரே வந்து உட்கார்ந்துவிட்டது. 2009இல் வந்த ‘பசங்க’ படத்தின் கிஷோரும் ஸ்ரீராமும் தேசிய விருது வாங்கியவர்கள். வளர்ந்து வேறு படங்களில் நடித்த பிறகும் ‘பசங்க கிஷோர்’, ‘பசங்க ஸ்ரீராம்’தான். ‘காக்கா முட்டை’யில் நடித்த ரமேஷும் விக்னேஷும் 2015இல் தேசிய விருது வாங்கினார்கள். வாங்கிய கையோடு ‘காக்கா முட்டை’ அவர்களுக்கு இன்ஷியல் மாதிரி ஆனது. டிவி மைக்குகள் குப்பத்தைத் தேடி வருவதை அந்தப் படமே காட்டியது. படம் முடிந்த பிறகு நாமும் நம் மைக்குகளோடு போய் அதே வேலையைச் செய்தோம்.

குட்டி பத்மினி தன் பெயரிலுள்ள குட்டியை இன்றும் வைத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். ஆமாம். 1965இல் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தவர், பின்னாளில் டிவி தொடர் தயாரிப்பாளராகி, அதே பெயரில் தொழில் நடத்துகிறார். அது அவருடைய பெயர், அவர் வைத்துக்கொள்கிறார். அப்படி வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று மற்றவர்களிடம் நாம் கேட்பதே இல்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1985 ஜூனில், நியூயார்க் என்ற அமெரிக்க வார இதழுக்காக டேவிட் ப்ளம் என்ற நிருபர், எமிலியோ எஸ்டெவெஸ் என்ற இளம் நடிகரைப் பற்றி எழுதப் போனார். ஓர் இரவு எஸ்டெவெஸும் அவருடைய சக நடிகர்கள் ராப் லோவும் ஜட் நெல்சனும் வெளியே போனபோது அவரும் கூடவே போனார். வந்து எழுதிய கட்டுரையில் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பிராட் பேக்’. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளைகளின் கூட்டம் என்று சொல்லலாம். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் நண்பர் கூட்டத்துக்கு இருந்த ‘ராட் பேக்’ என்ற பெயரை வைத்துச் செய்த வார்த்தை விளையாட்டு அது. அந்த இரவில் அங்கே இல்லாத ஆண்ட்ரூ மெக்கார்த்தி என்ற இளம் நடிகர் மீதும் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது அவருக்கு 22 வயது.

அறுபதைத் தாண்டிய பிறகு, 2024இல், மெக்கார்த்தி அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பழைய சகாக்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், அந்தப் பெயர் அவர்களை என்ன செய்தது என்று கேட்கிறார். மெக்கார்த்தியோடு சேர்ந்து நடிக்க இருந்த ஒரு படத்திலிருந்து அந்தப் பெயருக்குப் பயந்தே விலகியதை எஸ்டெவெஸ் ஒப்புக்கொள்கிறார். ஒன்றாகத் தெரிந்தால் முத்திரை இன்னும் அழுத்தமாக விழும் என்ற பயம். எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்கவில்லை என்பதும் உண்மை. ராப் லோ அதைக் கசப்பில்லாமல் பேசுகிறார். கடைசியில் மெக்கார்த்தி, ப்ளம்மின் எதிரிலேயே போய் உட்காருகிறார். அந்தக் காட்சியை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. எழுதியவர் ஒரு வாரத்தில் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். வாங்கிக்கொண்டவர் கிட்டத்தட்ட 40 வருடம் அதைச் சுமந்து வந்து முன்னால் நிற்கிறார். அவர்களாவது இருபதைத் தாண்டியவர்கள். நாம் பெயர் வைப்பது பால் பற்களுக்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு ரொம்ப உறுத்துவது. பெண் குழந்தைகள் 12, 13 வயதைத் தொட்டதும் நம் தலைப்புகளின் குரல் மாறிவிடுகிறது. ‘அந்தக் குட்டிப் பாப்பாவா இது?’, ‘ஆளே மாறிட்டாங்க’, ‘ஹீரோயினுக்கு ரெடி’. கீழே வரும் கமென்ட்களை நீங்களும் படித்திருப்பீர்கள். 1969இல் ‘துணைவன்’ படத்தில் குழந்தை முருகனாக வந்த ஸ்ரீதேவி, 1976இல் ‘மூன்று முடிச்சு’ வெளியானபோது 13 வயதுப் பெண். அந்தப் படத்தில் ரஜினிக்குச் சித்தி! அவர் நடிப்பை மெச்சுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வயதை ஒரு சாதனைக் கதையாக மட்டும் இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்போம்? பத்தாம் வகுப்புக்கூட வராத பெண்ணிடம் மைக்கை நீட்டி ‘எப்போ ஹீரோயின்?’ என்று கேட்பவர், தன் வீட்டுப் பிள்ளையிடம் இன்னொருவர் அப்படிக் கேட்டால் பொறுத்துக்கொள்வாரா?

ஆண் பிள்ளைகளுக்கு வேறு சொல் வைத்திருக்கிறோம்: ‘காணாமல் போன குழந்தை நட்சத்திரங்கள்’. யாரும் எங்கேயும் காணாமல் போகவில்லை. பள்ளிக்கூடம் போனார்கள், பரீட்சை எழுதினார்கள், வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கடன் கட்டுகிறார்கள். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்த கமலுக்குக்கூட, கதாநாயகன் ஆவதற்கு முன்னால் நாடகக் குழு, நடன உதவியாளர் வேலை என்று பல வருடங்கள் இருந்தன. ஒரு கமலையும் ஒரு ஸ்ரீதேவியையும் ஒரு மீனாவையும் அளவுகோலாக வைத்து மற்ற எல்லாரையும் தோற்றவர்களாக்குவது அநியாயம். நிம்மதியாகச் சம்பளத்துக்குப் போகிற ஒருவரின் போட்டோவுக்குக் கீழே ‘இப்போ என்ன நிலைமையில இருக்கார் பாருங்க’ என்று எழுதும்போது அதை அவர் அம்மாவும் படிப்பார்.

சட்டம் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளின்படி, குழந்தைகளை நடிக்க வைக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். நேரத்துக்கும் பணத்துக்கும் விதி இருக்கிறது. அந்த வங்கிக் கணக்கில் இருக்கும் பெயருக்கு முன்னால் நாம் எதை ஒட்டுகிறோம் என்பதற்கு எந்த விதியும் இல்லை. அது நம் மேசையிலேயே முடிவாகிறது.

நவம்பர் 14 வந்தால் எல்லாச் சேனல்களிலும் ‘அன்றும் இன்றும்’ தொகுப்பு வரும். அதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஆளைக் கூப்பிட்டு, உங்கள் பெயரை எப்படிப் போடட்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்த ஒருவர் இல்லாமலும் தொகுப்பு ஓடும். ஏற்கெனவே போட்ட பழைய வீடியோவில் பெயரை மாற்றச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அச்சடித்த மலரில் என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

போன மாதம் அந்தப் பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இந்தச் சம்பவத்தைப் பெயர் சொல்லாமல் எழுதலாமா என்றும் கேட்டிருந்தேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதுங்கள், படத்தின் பெயரையும் சொல்லாதீர்கள் என்று இரண்டே வரி. கீழே அவருடைய முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தார்.

அன்புடன்,
உங்கள் பழைய சகா ஒருவர்
சென்னை