பெயரை வெட்டும் சொல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். வீட்டுச் சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்துத் தொடர்பையெல்லாம் ‘ஒப்லிட்டரேட்’ செய்துவிட்டதாகத் தங்கச்சிக்கு எழுதியிருந்தாயாம். அவள் விளையாட்டாகத்தான் வாசித்துக் காட்டினாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

தடமே இல்லாமல் அழிப்பது என்று அகராதி பொருள் சொல்கிறது. இலத்தீனில் ‘லிட்டெரா’ என்றால் எழுத்து. ‘ஒப்’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து, எழுதியிருப்பதன் மேல் கோடு கிழித்து வெட்டுவதைக் குறித்தது. ஊரையும் உயிரையும் இல்லாமலாக்குவதற்கும் ஆங்கிலத்தில் அதையே ஆளுகிறார்கள். ‘அனைஹிலேட்’ என்று நீ எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது; அது ‘ஒன்றுமில்லை’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் மலையகத் தமிழ்ச் சனத்துக்கு நேர்ந்த அழிவு எழுத்தில்தான் நேர்ந்தது, மகன். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமே தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்தவர்கள் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? அடுத்த வருடம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின. 1947 தேர்தலில் ஆறு ஆசனங்களை வென்ற இலங்கை இந்திய காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனமும் இல்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை அந்தக் கரைக்கும் 300,000 பேரை இந்தக் கரைக்குமாகப் பிரித்து எழுதியது. அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் மெழுகுத் துணி சுற்றிய காகிதங்களை நீயே தொட்டுப் பார்த்திருக்கிறாய்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே ‘பேர்’ என்றுதானே சொல்கிறோம். கொழுந்து குறைவென்று அரைப்பேர் போட்ட அன்று, நிறுவைத் தராசுக்கு முன்னால் இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு நின்று முழுப்பேர் கேட்டு வாதாடியவள் உன் அம்மா. அந்தக் காசில் படித்துப் பொறியியலாளனான உன்னைப் பற்றி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூட நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நீயோ மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கொழும்பில் வீடு வாங்கு, அங்கேயே இரு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எதை எழுதினாலும் இரண்டு தரம் வாசி. கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு அனுப்பு. எங்கள் விலாசத்தில் தோட்டத்தின் பெயரை, டிவிஷனோடு, முழுதாகப் போடு.

இப்படிக்கு,
அப்பா