மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி வேண்டும்: மட்டக்களப்பு, அம்பாறை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

அண்மையில் நடந்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒன்றில், படுவான்கரையில் உள்ள எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்பதை எங்கள் பிரதேச சபை உறுப்பினர் எடுத்துக் கூறினார். அப்போது உங்களில் ஒருவர், கையிலிருந்த கோவையை மூடியபடியே, "அது மாகாணத்துக்குரிய விடயம், நாங்கள் நேரடியாகத் தலையிட முடியாது" என்று பதிலளித்தார். சொன்னது சட்டப்படி சரிதான். தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த ஏனைய பாடசாலைகள் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆனால் அந்த மாகாணத்தின் சபை எங்கே இருக்கிறது என்று பின்வரிசையில் இருந்த நாங்கள் கேட்பதற்குள், கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. அன்று கேட்கக் கிடைக்காத கேள்வியையே இம்மடலில் கேட்கிறேன்.

கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி. அச்சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் முடிந்தது. அதன் பின்னர் இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களும் இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களும் இரண்டு உள்ளூராட்சித் தேர்தல்களும் நடந்துவிட்டன. இவற்றுக்கெல்லாம் பெட்டி இருந்தது, பணம் இருந்தது, வாக்குச் சாவடியாக்க எங்கள் பாடசாலையின் அதே வகுப்பறைகளும் இருந்தன. மாகாண சபைக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. 1995ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்த கிழக்கு மாகாணத்தவர் எவரும் மாகாண சபை வாக்குச் சீட்டைக் கையால் தொட்டதில்லை.

எங்கள் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது, பதிலாக ஒருவர் வரும்வரை அவரை விடுவிக்க வேண்டாம் என்று அதிபர் எழுதினார். பதிலீடு வரவில்லை, விடுவிப்புக் கடிதம் மட்டும் வந்தது. அந்த ஆசிரியர் மீது எங்களுக்குக் குறையில்லை. அதிகஷ்டப் பிரதேசத்தில் தன் காலத்தை முடித்தவர், தன் பிள்ளைகளிடம் போக விரும்பியதில் என்ன பிழை இருக்கிறது? அன்று முதல் பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பெண் ஒருவரே கணிதம் கற்பிக்கிறார். அவருக்கு நியமனமும் இல்லை, சம்பளமும் இல்லை. வேளாண்மை வெட்டு முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்குக் கொஞ்சமாக நெல் சேர்த்து, அதை விற்ற காசை அவரிடம் கொடுக்கிறோம். வெள்ளம் வந்து வேளாண்மை அழிந்த போகத்தில் அதையும் கொடுக்க முடியவில்லை. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிக்குடியில் உள்ள தனியார் வகுப்புகளுக்கு அனுப்புகிறார்கள். மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கும் பிள்ளையை, யானை நடமாடும் வீதியில் தகப்பன் டோர்ச் லைட்டுடன் நின்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். வசதியில்லாதவர்களின் பிள்ளைகள் சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறுகிறார்கள். அத்துடன் உயர்தரத்தின் கதவும் அடைபடுகிறது.

இதற்காக நாங்கள் எழுதாத அலுவலகம் இல்லை. வலய மட்டத்தில் கேட்டால் ஆளணி மாகாணத்தின் கையில் என்கிறார்கள். வாகரை, வெருகல், மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போய் மாகாண மட்டத்தில் கேட்டால், கடிதத்தை வலயத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் மரியாதையாகவே பேசுகின்றன, கதிரை தந்து உட்கார வைக்கின்றன. ஆனால் இந்த அலுவலர் எவரையும் சபையில் எழுப்பி, "ஏன் இன்னும் ஆசிரியர் போகவில்லை?" என்று கேட்க எங்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் அங்கே இல்லை. மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவர் இருந்த காலத்தில் திட்டுவதற்காவது ஒரு முகம் இருந்தது.

உறுப்பினர்களே, இந்தச் சபையின் பெறுமதியை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்துக்குப் போனவர்களில் பலர் அதன் கதிரைகளில் இருந்து பழகியவர்களே. 2008 மே 10ஆம் திகதி நடந்த முதலாவது கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் போட்டியிடுவதற்காக, ரவூப் ஹக்கீம் உட்பட முஸ்லிம் காங்கிரஸின் முன்னணியினர் தங்கள் நாடாளுமன்ற ஆசனங்களையே துறந்தார்கள். அத்தேர்தலில் தெரிவாகி மாகாண அமைச்சரான ஹிஸ்புல்லாஹ் பின்னர் நாடாளுமன்றம் சென்றார், 2019இல் இதே மாகாணத்துக்கு ஆளுநரானார், 2024இல் மீண்டும் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2008இல் முதலமைச்சரான சிவநேசதுரை சந்திரகாந்தன் 2020இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 2015இல் முதலமைச்சரான நஸீர் அஹமட், 2020இல் நாடாளுமன்றம் சென்று அமைச்சருமாகி, உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் 2023இல் ஆசனத்தை இழந்து, அடுத்த ஆண்டே வடமேல் மாகாண ஆளுநரானார். 1989இல் நாடாளுமன்றம் சென்ற கோவிந்தன் கருணாகரம், 2012இல் மாகாண சபை வழியாக மக்கள் முன் வந்து, 2020இல் மறுபடியும் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். மாகாண அமைச்சராக இருந்த உதுமாலெப்பை இன்று திகாமடுல்லை எனப்படும் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். தோற்றவர்கள் மீண்டெழுந்ததும் புதியவர்கள் பேசப் பழகியதும் அந்த முப்பத்தேழு கதிரைகளில்தான்.

இந்தப் பெயர்களைக் குறை சொல்வதற்காக நான் வரிசைப்படுத்தவில்லை. எல்லாம் ஊரறிந்த வரலாறு. ஆனால் இந்த வரலாற்றைப் பார்க்கும்போது மனதில் எழும் ஒரு சந்தேகத்தை மறைக்கவும் விரும்பவில்லை. மட்டக்களப்பிலிருந்து 11 பேரும் அம்பாறையிலிருந்து 14 பேரும் தெரிவாக வேண்டிய சபை மூடிக் கிடக்கும்வரை, அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் விருப்பு வாக்குக்குப் போட்டியாக வரக்கூடிய அந்த 25 பேரும் ஊருக்கு அறிமுகமாகப் போவதில்லை. இந்த வசதி உங்களில் எவருக்கும் பிடித்திருக்கவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். அப்படியானால் தேர்தலுக்கு ஒரு திகதியைப் பெற்றுத் தாருங்கள்.

சட்டச் சிக்கல் இருக்கிறது என்று சொல்வீர்கள். அந்தச் சிக்கலை உண்டாக்கியது வெள்ளமோ சூறாவளியோ அல்ல. நாடாளுமன்றமே அதை உண்டாக்கியது. கிழக்குச் சபையின் காலம் முடிவதற்குப் பத்து நாள் இருக்கையில், 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி, 17ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. விகிதாசார முறை நீக்கப்பட்டு, பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறை வந்தது. தமிழ், முஸ்லிம் கட்சிகளும் அதற்குக் கை உயர்த்தின. புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் தேவைப்பட்டது. குழு நியமிக்கப்பட்டு அறிக்கையும் வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அவ்வறிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. அதைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்த அதிசயமும் அன்று நடந்தது. அதை மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறையில் தேர்தல் நடத்த முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றமும் கருத்துரைத்துவிட்டது. கல்வீடு கட்டித் தருகிறோம் என்று குடியிருந்த குடிசையைப் பிரித்துவிட்டு, அத்திவாரம் போடுவது யார் என்று இத்தனை ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள்; நாங்கள் வெளியில் நிற்கிறோம்.

இந்த இடைவெளியில் மாகாணத்தை ஆண்டது ஆளுநர்களே. சபை கலைந்த நாளிலிருந்து பார்த்தால், இப்போது இருப்பவர் ஆறாமவர். ஒருவரையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை; ஜனாதிபதி மாறினால் அவர்களும் மாறுகிறார்கள். ஒருவருக்கு எங்கள் ஊரின் பெயரை உச்சரிக்கப் பழக்கிவிடுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். அரசியல் தீர்வு, அதிகாரப் பகிர்வு, உள்ளக சுயநிர்ணயம் என்று தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் மேடைகளில் முழங்குகிறீர்கள். கையிலிருந்த சிறிய அதிகாரம் ஒன்று உங்கள் கண் முன்னே காலாவதியானபோது எத்தனை மேடை போட்டீர்கள்? ஊருக்கு ஒரு வடிகான் வந்தால் மட்டும், அதைத் திறந்து வைக்க மூன்று கட்சிகளின் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வடிகானின் நீளத்தைவிடப் பெயர்ப்பலகையின் நீளம் கூடிவிடுகிறது. வார்த்தை எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பேச வந்தது வடிகானைப் பற்றியல்ல.

மாகாண சபை வெள்ளை யானை என்போரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். பழைய சபையின் காலத்தில் இடமாற்றங்கள் எல்லாம் நீதியாக நடந்தன என்று நானும் சொல்லமாட்டேன். சிபாரிசுக் கடிதமும் கட்சி அட்டையும் அப்போதும் வேலை செய்தன. ஆனால் எங்கள் பகுதி மாகாண சபை உறுப்பினரின் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்குப் போய் நிற்க எங்களால் முடிந்தது. ஐந்து ஆண்டில் ஒருநாள் நம்மிடம் அவர் வாக்குக் கேட்டு வருவார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். திருகோணமலையில் உள்ள எந்த மேசைக்கும் அந்தப் பயம் கிடையாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல் சட்டத்தில் இருந்த விகிதாசார முறையின்படி, இந்த ஒரு தடவையாவது தேர்தலை நடத்த இடமளிக்கும் சிறிய திருத்தம் ஒன்றை நிறைவேற்றுங்கள். எல்லை நிர்ணயத்தை அதன் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். ஆளுந்தரப்பில் இருப்போர், தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று உங்கள் கொள்கைப் பிரகடனத்தில் எழுதியதை உங்கள் தலைமைக்கு நினைவூட்டுங்கள். எதிர்த்தரப்பில் இருப்போர், அத்திருத்தத்தை யார் கொண்டுவந்தாலும் கட்சி பாராது வாக்களியுங்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகத்திலிருந்தும் தெரிவான நீங்கள் இந்த ஒரு விடயத்திலாவது ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு ஜனாதிபதியிடம் கையளிக்க முடியாதா?

அத்தகைய திருத்தத்துக்கு வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்பதை மட்டும் நீங்கள் ஒவ்வொருவரும் எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கும் பதில்களை அவரவர் பெயருடன் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசிக்க இருக்கிறோம். பதில் வராத பெயர்களையும் வாசிப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.