ஆண்டறிக்கை: மணற்குன்றின் நீள்கொம்பு வண்டும் நம் சங்கமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையின் மற்ற இடம் முழுவதையும் ஒரே ஒரு வண்டுக்குத் தருகிறேன். அதற்கு அந்தத் தகுதி உண்டு.

மேற்கு டெக்சஸில், மோனஹான்ஸ் மணற்குன்றுகளில் கோடை இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றியபோது, செம்பழுப்பு நிற நீள்கொம்பு வண்டு ஒன்று வந்து மோதியது. பிரியோனஸ் பேரினம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. படத்தை மட்டும் பார்த்துச் சிலர் கலிஃபோர்னிகஸ் என்றார்கள். மேற்கு வட அமெரிக்காவில் பரவலாக உள்ள இனம் என்பதால் அந்தப் பெயர் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது. வேறு சிலர், 1981இல் ஃபிராங்க் ஹோவோர் பெயரிட்டு விவரித்த அரினேரியஸாக இருக்கலாம் என்றார்கள்.

பூங்காவின் எழுத்து அனுமதி இருந்ததால் ஓர் ஆண் வண்டை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். உணர்கொம்பின் ரம்பப் பற்களுக்கு நடுவே மணல் அப்பியிருந்தது. மென்தூரிகையால் துடைத்த பிறகே கணுக்களை எண்ண முடிந்தது. பெரும்பாலான நீள்கொம்பு வண்டுகளுக்கு 11 கணுக்கள், கலிஃபோர்னிகஸுக்கு 12, இதே பேரினத்தின் இன்னொரு இனமான ஃபிசிகார்னிஸுக்கு 20க்கும் மேல். ஆனால் எண்ணிக்கை சில இனங்களை விலக்க மட்டுமே உதவும். முன்மார்பின் ஓரப் பற்கள், கொம்புக் கணுக்களின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பல்கலைக்கழக அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகுதான் அரினேரியஸ் என்று உறுதியானது. அந்த முடிவு வந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம், வண்டுகளை மணத்தால் கவர்ந்து பிடிக்கும் பொறி பற்றி ஒரு வார்த்தை. பெண் கலிஃபோர்னிகஸ் வெளியிடும் கவர்ச்சிப் பொருளான பிரியோனிக் அமிலத்தை 2009இல் கண்டறிந்தார்கள். அதற்குப் பல பிரியோனஸ் இனங்களின் ஆண்களும் பறந்து வருகின்றன. எனவே பொறியில் விழுந்ததை வைத்து இனத்தை முடிவு செய்வது சரியல்ல.

பெண் வண்டு நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்தப் பேரினத்தின் புழுக்கள் மண்ணுக்கடியில் வேர்களைத் தின்று வளர்பவை. வளர்ந்த வண்டின் வாழ்வோ குறுகியது. குன்றுகளின் மணலைப் பிடித்து வைத்திருக்கும் ஷின்னரி ஓக் என்ற குட்டை மரம் பெரும்பாலும் 4 அடிக்கு மேல் உயராது. அதன் வேர்களோ மிக ஆழமானவை. 2017 முதல் எண்ணெய்க் கிணறுகளுக்காக இந்த வட்டாரத்தில் மணல் தோண்டப்படுகிறது. இதே ஓக் காட்டை நம்பி வாழும் மணற்குன்றுப் பல்லி 2024இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. வண்டுக்கு எங்கே எப்போது இருந்தது என்ற பதிவாவது வேண்டும். அதை நம்மைப் போன்றவர்கள்தான் எழுதி வைக்க முடியும்.

ஆகவே செயற்குழுவின் முடிவு இது: இனிமேல் நம் பதிவேட்டில் தேதி, இடம், அருகிலிருந்த செடி, ஆணா பெண்ணா, விளக்குக்கு வந்ததா பொறிக்கு வந்ததா என்பவை இல்லாத எந்த வண்டுக்கும் இனப்பெயர் எழுதப்படாது, பிரியோனஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். விளக்குக்கான அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் தயாராக உள்ளது. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்