வண்டியைப் பார்க்கப் போகும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிப்போனார். உனக்கு அவரை நினைவிருக்கும். நீ முதல் தடவை மிஷிகன் வந்தபோது என் கராஜில் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய துண்டின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு நம் இருவருக்கும் பாடம் எடுத்தாரே, அவர்தான். பான்டியாக் ஊர் கார் ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அடக்கத்துக்கு நான் என் பழைய பான்டியாக் ஜிடிஓ காரில்தான் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் மகள் என்னை நிறுத்தி, "ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதியுங்கள், அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும்" என்றாள். மிதித்தேன். அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் இப்போது தேவலை, கிளட்ச் மிதிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. சின்னவளுக்குச் சிகாகோவில் வேலை கிடைத்திருக்கிறது. உன் பேரனின் படத்தைப் பார்த்தோம், அப்படியே உன் அப்பாவின் நெற்றி.

சரி, நீ வாங்க நினைக்கும் ஷெவர்லே ஷெவெல் கார் விஷயத்துக்கு வருகிறேன். 1969 ஷெவெல் எஸ்எஸ் 396 (சூப்பர் ஸ்போர்ட், 396 கன அங்குல எஞ்சின்), 375 குதிரைத்திறன், தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின், புதுப் பெயின்ட் என்று எழுதியிருக்கிறாய். டல்லாஸ் வியாபாரி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீ அவர் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன்.

இப்போதுள்ள 1967 வண்டியை வாங்குவதற்கு முந்தின வருடம் ஒஹாயோவில் ஒரு 1966 ஜிடிஓ விலைக்கு வந்தது. சிவப்பு நிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் காசோலையோடுதான் போனேன். பெரியவரும் கூட வந்தார். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. நேராக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் இருந்த தகட்டைத் துணியால் துடைத்து எண்ணைப் படித்தார். முதல் மூன்று இலக்கம் 237. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். 1966இல் ஜிடிஓ தனி மாடல் ஆகிவிட்டது, எண் 242 என்று தொடங்க வேண்டும். 237 என்றால் பான்டியாக்கின் சாதாரண மாடலான லெமான்ஸ். சாது லெமான்ஸுக்கு ஜிடிஓ கிரில், சின்னம், பானெட் எல்லாம் மாட்டி ஜிடிஓ விலை சொல்லியிருந்தார்கள். லெமான்ஸும் நல்ல வண்டிதான், அதில் ஒரு குறையும் இல்லை. லெமான்ஸ் விலைக்கு லெமான்ஸ் என்று சொல்லி விற்றிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

உன் ஷெவெலில் சிக்கல் இதைவிடக் கூடுதல். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல். வண்டி எண் 138 என்று தொடங்கினால் அது எஸ்எஸ்தான், சந்தேகமே இல்லை. 1969இல் அதையே ஒரு கூடுதல் தொகுப்பாக மாற்றிவிட்டார்கள். அதனால் உன் வண்டியின் எண் 136 என்று தொடங்கினாலும் அது ஷெவெலில் மாலிபு என்ற வகை, வி8 எஞ்சின் என்பதைத்தான் சொல்லும், எஸ்எஸ்ஸா இல்லையா என்று சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். அசெம்பிளி லைனில் தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்ய அச்சடித்த பில்ட் ஷீட் என்ற தாள் ஒன்று உண்டு. பல வண்டிகளில் அது பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ பெட்ரோல் டேங்கின் மேலோ செருகியபடியே வெளியே வந்துவிட்டது. ஐம்பது வருடத் தூசியோடு அது கிடைத்தால் தங்கம். வியாபாரியிடம் முதலில் அதைக் கேள்.

அடுத்தது எஞ்சின். பிளாக்கின் முன்புறம், வலப்பக்க ஹெட்டுக்கு அருகில் ஒரு சின்ன தட்டையான மேடை இருக்கும். எஞ்சின் எந்த நாளில் கூட்டப்பட்டது, எந்த வகை என்ற குறியீடு அதில் பொறித்திருக்கும். 1968 முதல் வண்டி எண்ணின் கடைசிப் பகுதியையும் அங்கேயோ ஆயில் ஃபில்டர் பக்கத்திலோ பொறித்தார்கள். அது வண்டி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எழுத்துகளை மட்டும் பார்க்காதே, அடியில் உள்ள இரும்பைப் பார். தொழிற்சாலை இயந்திரம் சீவிய மேடையில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். கோடுகளே இல்லாமல் வழவழவென்று இருந்து அதன் மேல் எண்கள் புதுசாக உட்கார்ந்திருந்தால், யாரோ அரைத்துவிட்டு மறுபடி பொறித்திருக்கலாம். எஞ்சினைப் புதுப்பிக்கும்போது மேல்தளத்தைச் சீவினாலும் கோடுகள் போய்விடும் என்பது உண்மை. அப்படியானால் அதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

375 குதிரைத்திறன் என்கிறாரே, அதையும் கண்ணாலேயே பாதி சரிபார்க்கலாம். அந்த வருடம் 396இல் மூன்று வகை வந்தது: 325, 350, 375. முதல் இரண்டும் குவாட்ராஜெட் கார்புரேட்டர், ஹைட்ராலிக் லிஃப்டர். 375க்கு மட்டும் ஹோலி கார்புரேட்டர், அலுமினிய இன்டேக், சாலிட் லிஃப்டர். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் சத்தம் கேட்க வேண்டும். பானெட்டைத் திறந்ததும் குவாட்ராஜெட்டும் வார்ப்பிரும்பு இன்டேக்கும் தெரிந்தால், தொழிற்சாலையிலிருந்து 375 ஆக வெளிவந்த நிலையில் அது இல்லை.

இந்தக் குதிரைத்திறன் எண்களைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். உன் காம்ரி வி6 300 தாண்டுகிறது, அப்புறம் இந்த 375இல் என்ன அதிசயம் என்று. அன்று அளந்த முறையே வேறு. எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர், வண்டியின் சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருக்கிற நிலையில் அளக்கும் முறை வந்தது. அதே எஞ்சின்கூட ஒரே இரவில் எண்ணில் இளைத்துவிட்டது. நிஜமாகவும் இளைத்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களிலேயே கம்ப்ரஷனைக் குறைத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களிடம் கூடுதலாகப் பிடுங்க ஆரம்பித்திருந்தன. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடையும் வந்தது. 1964க்கும் 1972க்கும் இடையே அவ்வளவுதான் மசில் கார் என்று சொல்லும் இந்த வண்டிகளின் காலம். எட்டே வருடம்.

அது தொடங்கிய கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. அதன் ஒரு பிரிவான பான்டியாக்கின் வி8கள் வெளி அளவில் எல்லாம் ஒன்றுதான். 326 உட்காருகிற இடத்தில் 389 அப்படியே உட்காரும். பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் அவர் குழுவும் அதைத்தான் செய்தார்கள். புது மாடல் என்று சொன்னால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதனால் டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கு ஜிடிஓ என்ற ஒரு கூடுதல் தொகுப்பு என்று பட்டியலில் சேர்த்தார்கள், விலை 300 டாலருக்கும் கீழே. முதல் வருடம் 32,450 வண்டி போயிற்று. வாரக் கூலி வாங்கும் இருபது வயதுப் பையன் தவணையில் வாங்கி, சனிக்கிழமை ராத்திரி டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டக்கூடிய வண்டி அது. நாம் படிக்கும் காலத்தில் கோயம்புத்தூர் மில் முதலாளி வீட்டு இம்பாலாவை நின்று பார்ப்போமே, அதனால் அமெரிக்கக் கார் என்றாலே பணக்காரர்களின் கார் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. இங்கே வந்து இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வண்டிகள் மேல் நிஜமான பிரியம் வந்தது. பெரியவரும் அப்படித்தான் தன் முதல் ஜிடிஓவை வாங்கினார். தான் கட்டின வண்டியைத் தானே வாங்கினார்.

ஓட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டாய். காலையில் ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை முழுசாக மிதித்து விடு, சோக் உட்காரும், அப்புறம் சாவி. இரண்டு நிமிடம் அது முணுமுணுத்துக்கொண்டு நிற்கட்டும். என் வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை. நிறுத்துமிடத்தில் தோள் நோகும், சாலையில் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. என் குவாட்ராஜெட் கார்புரேட்டரின் முன் இரண்டு வாய் சின்னது, பின் இரண்டும் பெரியது. சாதாரணமாக ஓட்டும்போது சின்ன வாய்கள் மட்டும்தான் வேலை செய்யும். இரண்டாவது கியரில் காலை முழுசாக அழுத்தினால் பின்வாய்கள் திறக்கும். அந்த நொடியில் முன்னாலிருந்து ஓர் ஆழமான உறுமல் வரும், சீட் முதுகைப் பிடித்துத் தள்ளும். அறுபது வயது கடந்தவனுக்கு நெஞ்சு அப்படித் துள்ளுவது வேறு எதிலும் இல்லை.

ஆனால் பிரேக்கை மறந்துவிடாதே. என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம். ஒருமுறை வேகத்திலிருந்து நன்றாக நிற்கும். சூடேறிய பிறகு இரண்டாவது, மூன்றாவது தடவை பெடல் மிதிபடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முன்னால் போகிற வண்டிக்கு இப்போது நீ விடுகிற இடைவெளியைப் போல் மூன்று மடங்கு விடு. 1967 முதல் மாஸ்டர் சிலிண்டர் இரட்டையாக வந்தது, ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். 1969இலும் அது உண்டு என்பது உன் அதிர்ஷ்டம். 1969 எஸ்எஸ் தொகுப்பில் முன்சக்கர டிஸ்க் பிரேக் சேர்ந்தே வந்தது, உன் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்.

விலை. இதில்தான் நீ ரொம்பக் குழம்பியிருக்கிறாய் என்று தெரிகிறது. ஏலத்தில் கேட்ட தொகையை வைத்து உன் வண்டிக்குக் கணக்குப் போடாதே. 1971 பிளிமத் ஹெமி குடா (பெரிய ஹெமி எஞ்சின் போட்ட பாரகூடா) கன்வர்ட்டிபிள் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. அந்த வகையில் கட்டியதே 11தான் என்கிறார்கள். அதே வருடத்து, அதே தகட்டு வேலை செய்த, சின்ன எஞ்சின் பாரகூடா கன்வர்ட்டிபிளுக்கு அந்தப் பணம் கனவில்கூட வராது. எஞ்சினும் கியர்பாக்ஸும் காகிதமும் சேர்ந்துதான் விலை. புதுப் பெயின்டுக்கு நான் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். அடியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை. முழுசாகப் பிரித்துக் கட்டுகிற செலவு பெரும்பாலும் விற்கிற விலையைத் தாண்டிவிடும். அதனால் வேலை முடிந்த நேர்மையான வண்டியை வாங்குவதே மேல். இன்னும் சொன்னால், பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, காகிதம் முழுசாக இருக்கும் வண்டி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வண்டி போனால் இவ்வளவு தருவோம் என்று முன்னாலேயே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியாக எடு. சாதாரண பாலிசியில் ஐம்பது வருடக் கார் வெறும் பழைய கார்தான்.

வாங்கிய பிறகு பார்க்க வேண்டிய சிலதும் உண்டு. பிரீமியம் பெட்ரோல் தவிர வேறு போடாதே, அந்தக் கம்ப்ரஷனுக்கு எஞ்சின் தட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்று. துத்தநாகம் சேர்ந்த ஆயில் கேட்டு வாங்கு. புது ஆயில்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள், பழைய கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோகும். முக்கியமாக, ஓட்டு. போர்வை போட்டு மூடி வைத்தால் சீல்கள் காய்ந்து கசியும். எனக்கு இங்கே உப்பு போட்ட சாலை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியே எடுக்க முடியாது. டெக்சாஸில் உனக்கு அந்தக் கஷ்டமே இல்லை.

பெரியவரின் மகள் அவருடைய டூல் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டாள். டைமிங் லைட், டுவெல் மீட்டர், கைப்பிடி தேய்ந்த ஸ்பானர்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயரின் முதல் எழுத்து பொறித்திருக்கிறது. பெட்டியின் மூடிக்குள் என் வண்டியின் ஸ்பார்க் பிளக் இடைவெளியை அவர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் டிரீம் குரூஸ், அந்தச் சாலையில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலம். இந்தத் தடவை அவர் இருக்கையில் நீ உட்கார வேண்டும். டிக்கெட் இப்போதே போடு.

சனிக்கிழமை ஷெவெலைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன காந்தம், டார்ச், பழைய சட்டை எடுத்துப் போ. பின்சக்கரத்துக்கு மேலும் பின் கண்ணாடியின் கீழ் மூலைகளிலும் காந்தத்தை வைத்துப் பார். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். டிக்கியின் விரிப்பைத் தூக்கு. அப்புறம் எஞ்சினின் அந்த மேடையை நன்றாகத் துடைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, நெருக்கத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை காசோலையில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்