பாத்ரூம் பைப்பில் ஸ்ட்ராபெர்ரி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ, மருமகள், பாப்பா எல்லாரும் நலம்தானே?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே ‘சரிம்மா, சரிம்மா’ என்று முடித்துவிடுகிறாய். முன்னே எல்லாம் பகலில் கூப்பிட்டால் ‘மீட்டிங்’ என்று மெசேஜ்தான் வரும். இப்போது பதினோரு மணிக்கு அடித்தாலும் முதல் ரிங்கிலேயே எடுக்கிறாய். எடுப்பது சந்தோஷம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஸ்ட்ராபெர்ரி வைத்திருக்கிறேன். பாத்ரூம் வேலையில் மிஞ்சிய 4 இஞ்ச் பிவிசி பைப் சந்தில் கிடந்ததே, அதில்தான். அப்பா அதைப் பழைய சாமான்காரனுக்குப் போடப் பார்த்தார், நான் விடவில்லை. ஐந்தடிக்கு அறுத்து, பிளம்பரிடம் வட்டமாக ஓட்டை போடுகிற ஹோல் சா இரவல் வாங்கி, 2 இஞ்ச் ஓட்டையாகச் சுற்றிவரப் போட்டோம். ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று வரக்கூடாது. முக்கால் அடி விட்டு, ஒதுங்கி ஒதுங்கி இறங்கவேண்டும்.

இதில் தண்ணீர்தான் வில்லங்கம். மேலே ஊற்றினால் மேலே இருக்கிற செடியே குடித்துவிடும், அடியில் இருப்பது காய்ந்து கருகும். அதற்காக அரை இஞ்ச் பழைய பைப் ஒன்றை எடுத்து, அடியை அடைத்து, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நெடுகப் பொடி ஓட்டை போட்டோம். புகை நெஞ்சைக் கமறும் என்று வாசலில் வைத்துத்தான் செய்தோம். மண் போய் அடைக்காமல் இருக்க என் பச்சை நைலக்ஸ் சேலையைக் கிழித்துச் சுற்றினேன். உனக்குத் தெரியும் எது என்று. அந்தச் சின்னப் பைப்பைப் பெரியதன் நடுவில் நிறுத்தி, அதில் மெதுவாக ஊற்றினால் கடைசிச் செடிவரை நனைகிறது. பெரிய பைப்புக்கு அடியில் ஓட்டை போட்ட மூடி, அதன்மேல் ஒரு சாண் ஜல்லி.

மண் நம் தேயிலைக் காட்டுச் செம்மண். கொஞ்சம் புளிப்பான மண்தான் இதற்குப் பிடிக்கும், சுண்ணாம்பு போடக்கூடாது. தேங்காய் நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்துதான் கலந்தேன். அதிலிருக்கும் உப்பு இந்தச் செடிக்கு ஆகாது. நாற்றுக்கும் காசில்லை, மேல்வீட்டு அத்தை செடி விட்ட கொடியில் வேர்விட்ட குட்டிகள். குருத்து ஓட்டை வாயில் நிற்கவேண்டும், மண்ணுக்குள் போனால் அழுகும். ஊட்டி அளவுக்கு இங்கே உறைபனி இல்லை, ஆனாலும் ராத்திரி சாக்கைப் போர்த்துகிறேன்.

பூ வந்துவிட்டது, எல்லாவற்றையும் கிள்ளிப்போட்டேன். அப்பாவுக்கு மனசே இல்லை. வேர் பிடிக்கும் முன்னே காய்க்கவிட்டால் செடி தேறாது. கொஞ்ச நாள் காய்க்காவிட்டால் குடியா முழுகிவிடும்?

உன் சித்தப்பா கோயம்புத்தூரிலிருந்து செடி வைக்க மரப் பேலட் கொண்டுவந்தார், அவர் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு மிஷினுக்கு அடியில் இருந்த பலகைத் தட்டு. அதில் முத்திரை பார்க்கவேண்டும். ஹெச்.டி. என்றால் சூடுகாட்டிய மரம், எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு என்கிற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, தின்கிற செடிக்கு வேண்டாம். இது எம்.பி. திருப்பி ஏற்றிவிட்டேன். அவர் உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார், நான் பேலட் பேச்சிலேயே நிறுத்திவைத்தேன். யார் வாயிலிருந்தும் எனக்கு எதுவும் தெரியவேண்டாம்.

ஆக, மூடி ஒன்றுதான் காசு கொடுத்து வாங்கியது. இங்கே செலவே இல்லை தம்பி. அப்பா பென்ஷன் வருகிறது, இலைக் காசு வருகிறது. ஒன்றாம் தேதி நீ போடுகிற பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. இந்த மாசம் போடாதே, அடுத்த மாசமும் வேண்டாம். யார் வந்தாலும் பாத்ரூமைத் திறந்து ‘என் பையன் கட்டிக் கொடுத்தது’ என்று காட்டுகிறேன், அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் கட்டிக் கொடுத்தவன் பொங்கலுக்குக்கூட வரவில்லை. லீவு இல்லை என்றாய். சரி. மருமகளும் ‘நல்லா இருக்கோம் அத்தை’ என்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வார்த்தை. அவளையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

வந்தால் மைசூர் வழியாகப் பகலில் வா. பந்திப்பூர் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் கேட் திறக்கிறார்கள். பஸ்ஸில் வந்தாலும் சரி, காரில்தான் வரவேண்டும் என்று இல்லை. எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வராதே. இன்னும் அரைப் பைப் மிச்சம் இருக்கிறது, நாற்றும் இருக்கிறது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, ரம்பம் பிடிக்க முடியவில்லை. நீ வந்துதான் அறுக்கவேண்டும்.

பணம் போடாதே.

இப்படிக்கு,
அம்மா