சுன்னாகத்து ஐயாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பு உறவுகளே,

பத்திரங்கள் தொலைந்துபோன அப்பாவின் பழைய பிக்கப் வண்டி பதிவாகிவிட்டது. பத்திரத்தில் 'மொறிஸ் மைனர், 1955' என்று இருக்கிறது. நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. அம்மா பத்திரத்தைச் சாமியறையில் வைத்துவிட்டார்.

பழைய உதிரிப்பாகப் புத்தகத்தின் பக்கங்களை லண்டனிலிருந்து படமெடுத்து அனுப்பிய மச்சான், வண்டியைத் தள்ளி வந்த ஒழுங்கைப் பிள்ளைகள், எங்களுக்காக மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட அலுவலக அக்கா, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

சுன்னாகத்து மெக்கானிக் ஐயாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அவரை யாரும் கூப்பிடவில்லை. செய்தி கேள்விப்பட்டு, அந்த வயதில் சைக்கிள் மிதித்து வந்தார். வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே படுத்துவிட்டார்.

அதுவரை இது என்ன வண்டி, எந்த வருடத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காரை வெட்டிப் பிக்கப் ஆக்கியது என்றார் ஒருவர். ஐயா கீழே இருந்தபடியே, "மைனர் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது தம்பி. இதற்கு இருக்கிறது, வந்து பார். கம்பனியே செய்த பிக்கப்" என்றார். முன்னால் இருந்த ஒஸ்டின் என்ற இன்னொரு கார்ப் பெயரின் சின்னத்தை யாரோ பிறகு பூட்டியிருக்கிறார்கள். இந்த வண்டியை ஒஸ்டின் பெயரில் விற்கத் தொடங்கியதே 1968இல்தான். எஞ்சின் 1098 சீசீ. அது 1962இல் வந்தது என்பதால் வண்டியும் அந்தக் காலத்தது என்று எழுதப் பார்த்தார்கள். "எஞ்சினை யாரும் மாற்றலாம். முகத்தைப் பார்" என்றார் ஐயா. நடுவில் பிரிந்த இரட்டை முன்கண்ணாடி 1956ஆம் ஆண்டு ஒக்டோபரோடு நின்றுவிட்டது. கிறிலின், அதாவது வண்டியின் முன்பக்கத் தடுப்பின், கிடைக்கம்பிகளும் டாஷ்போர்ட்டின் நடுவில் இருக்கும் வட்ட மீட்டரும் 1954 கடைசியில் வந்தவை. ஆக இடையில் இரண்டே வருடம். அதன்பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து, பெயின்றுக்குள் புதைந்து கிடந்த எண் தகட்டை வெளியே கொண்டுவந்தார். மிச்சத்தை அந்த எண் சொன்னது.

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. பொனட்டைத் திறந்தவர், காபரேட்டர் பக்கத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருந்த சின்னத் தகரக் குப்பியைப் பார்த்து அப்படியே நின்றார். தொண்ணூறுகளில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்து வேலை அது. 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது, எங்களைக் கிழக்கே தென்மராட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த வண்டிதான். பத்திரங்கள் வீட்டோடு போயின. "இது உன் அப்பாவின் கைவேலை. நல்ல ஒட்டு. வண்டியைத் திருத்துகிறோம் என்று எவனாவது இதைக் கழற்ற வந்தால் விடாதே" என்றார். அப்பா போன பிறகு, அவருடைய வேலையை ஒரு வேலைக்காரர் பாராட்டிக் கேட்டது அன்றுதான். அம்மா உள்ளே போய் அழுதார்.

காசு நீட்டியபோது ஐயாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு வெறும் தேத்தண்ணீரோடு புறப்பட்டுவிட்டார்.

ஐயா, அந்தக் குப்பியை யாரும் தொட மாட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பத்திரம் தொலைந்த பழைய வண்டியோடு இங்கே யார் அல்லாடினாலும் எனக்குச் சொல்லுங்கள். கிறிலையும் கண்ணாடியையும் அடிச்சட்டத்தையும் பார்க்க ஐயா கற்றுத் தந்திருக்கிறார். டோர்ச்சோடு நான் வருகிறேன்.