இரவில் அந்த விளக்கை அணைத்துவிடு

ஏற்காடு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல். பெரியம்மா வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதை அப்பா விவரமாக எழுதுவார். நான் எழுத உட்கார்ந்தது உன் ஆர்க்கிட் செடியைப் பற்றி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். இலைகள் தடிப்பாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருக்கின்றன. மரப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே ஓடும் வேர்கள் காய்ந்த இடத்தில் வெள்ளி நிறமாகவும் நுனியில் பச்சையாகவும் தெரிகின்றன. வேர் வெள்ளியாக மாறிய பிறகுதான் நீ தண்ணீர் ஊற்றுகிறாய் என்பது அதிலிருந்தே புரிகிறது. டிசம்பரில் ஆறு மணி நேரமே பகல் இருக்கும் ஸ்டாக்ஹோமில், பூ உதிர்ந்துபோனதால் பாதி விலைக்குத் தள்ளிவிடப்பட்ட ஒரு ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டை நீ இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறாய் என்று மேல் எஸ்டேட் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

ஆனால் "இன்னும் பூக்கவில்லை" என்று ஒரே வரி எழுதிவிட்டு வேறு எதையுமே நீ சொல்லவில்லை. அந்தப் படம் வந்தபோது இங்கே காலை ஏழரை மணி, உங்கள் ஊரில் விடியற்காலை மூன்று. படத்தில் செடிக்கு மேலே நீ கட்டிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு வந்த படமும் அதே நேரத்தில் எடுத்ததுதான், அதிலும் விளக்கு எரிந்தது. அந்தச் செடிக்கு இரவே கிடைப்பதில்லையோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை.

செடிகளுக்கு வெளிச்சம் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே என்று நீ நினைத்திருக்கலாம். ஃபலனாப்சிஸ் அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுக்கும்; இதுவோ மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, மண்ணின் ஈரம் இல்லாமல் வாழப் பழகிய செடியாதலால், நீர் வீணாகாதிருக்கப் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக மாற்றும். அன்னாசியும் கள்ளியும் இப்படித்தான் வாழ்கின்றன. நீ நோட்டுப் புத்தகத்துக்குள் இலையை வைத்துக் குட்டி வளர்த்தாயே, கிணற்றடி ரணகள்ளி, அதுவும் இந்த வகைதான். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அந்தப் புளிப்பு இல்லாமல் போவதையும் மென்று பார்த்தே கண்டு எழுதினார். 1815-இல் அது லண்டனில் அச்சாயிற்று. அந்தப் புளிப்பு இரவு முழுவதும் நடந்த வேலையின் மிச்சம். இருட்டில் நடக்க வேண்டிய வேலை நடக்காவிட்டால், பகலில் எத்தனை வெளிச்சம் கொடுத்தாலும் அந்த இலைக்குப் போதிய சேமிப்பு இருக்காது. வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இரவில் விளக்கை அணைத்துவிடு.

பகல் வெளிச்சத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உன் செடியின் இலை கரும்பச்சையாக இருக்கிறது. அது அழகென்று நினைக்காதே, வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இளம்புல்லின் பச்சைக்கு வந்தால் சரி, ஓரம் சிவந்தால் அதிகம். விளக்கை நீ மேல் தட்டில் மிகவும் உயரத்தில் கட்டியிருக்கிறாய். எல்.இ.டி. விளக்கு முன்பக்கமாக அதிகச் சூட்டை வீசாது என்பதால் இலையிலிருந்து ஓர் அடி உயரம் வரை தாராளமாக இறக்கலாம். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியை வைத்துப் பார், இலைமட்டத்தில் ஏழாயிரம் முதல் பத்தாயிரம் லக்ஸ் வரை காட்டினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது போதும். ஊதா நிறத்தில் எரியும் விளக்கை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தாய். வேண்டாம். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல ஒளியை மஞ்சள் பூச்சின் வழியாக அனுப்பிப் பெறுவது. அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் வெள்ளையிலேயே இருக்கின்றன, உன் கண்ணுக்கும் அது நல்லது. ஊதா வெளிச்சத்தில் ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

குளிரைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் ஃபலனாப்சிஸ் இலை மட்டும்தான் விடும். 25-க்குக் கீழே சில வாரங்கள் இருந்தால் பூந்தண்டு கிளம்பும். உன் அறையில் 21, 22 என்று சொல்லியிருந்தாய், அது பொருத்தமான சூடு. வெப்பநிலை சரி, வேர் சரி, தண்ணீர் சரி என்னும்போது மிச்சமிருப்பது பகலும் இரவும்தான். இங்கே மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் பகல், மீதி நல்ல இருட்டு. சில்வர் ஓக் மரங்களில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டுகளுக்கு யாரும் எதையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. உனக்கு அங்கே இருட்டும் வெளிச்சமும் தானாக வருவதில்லை, நீதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அது கடினம் என்று எனக்குத் தெரியும்.

மொட்டு வந்த பிறகு ஹீட்டருக்கு அருகில் வைக்காதே, வறண்ட காற்றில் மொட்டு பழுத்து உதிரும். பழக்கூடையையும் பக்கத்தில் வைக்காதே. பழுக்கும் வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுவே மொட்டைக் கொட்ட வைத்துவிடும். பழம் வாங்குகிறாய் அல்லவா? வாங்கினால் சமையல் மேசையில் வைத்துக்கொள்.

நீ பொங்கலன்று பேசவில்லை. வேலை இருந்திருக்கும். மாமா கேட்டபோது நானும் அப்படித்தான் சொன்னேன். எதையும் பாதியில் விடாதவள் நீ, அந்தச் செடியைப் பார்த்தாலே அது தெரிகிறது. ஆனால் இந்த வீட்டில் யாரும் உன்னிடம் பூவைக் கேட்கவில்லை, பாப்பா. அடுத்த ஆண்டு பூத்தாலும் சரி, அதற்கடுத்த ஆண்டு பூத்தாலும் சரி. இரவு மட்டும் அதற்குக் கிடைக்க வேண்டும்.

ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடு, அது அங்கே பெரிய விலை இருக்காது. காலை எட்டு மணிக்கு எரியட்டும், இரவு எட்டுக்கு அணையட்டும். அணைந்த பிறகு ஏதோ வேலை இருக்கிறதென்று அந்த அறையில் வேறு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, அந்த வெளிச்சமும் செடியின்மேல்தான் விழும். டைமர் மாட்டியதும் எனக்கு ஒரு படம் அனுப்பு. பகலில் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா